விஜய் டெண்டுல்கர் நாடகத்தில் பெண்ணின் தன்விடுதலையும் சமூக மதிப்புகளும்

இந்திய நவீன நாடகத்தில் பெண்ணின் தன்னடையாளம் குறித்துப் பேசுமிடத்து, விஜய் டெண்டுல்கரின் மராத்தி நாடகமான ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’ தவிர்க்க இயலாதது. 1967இல் முதன்முதலாக மேடையேறிய இந்நாடகத்தில், சிற்றூருக்கு நாடகம் நடத்தச் செல்லும் குழுவினர் பொழுதுபோக்காக ஒரு போலி வழக்குமன்றத்தை அமைக்கின்றனர். குழுவிலுள்ள ஆசிரியை லீலா பேணாரே கூண்டில் நிறுத்தப்படுகிறாள். குற்றச்சாட்டு சிசுக்கொலை. விளையாட்டு மெல்ல அவளது சொந்த வாழ்வின் விசாரணையாக உருமாறுகிறது. மணமாகாத அவள் கருவுற்றிருக்கிறாள். அதற்குக் காரணமான பேராசிரியர் தாம்லே அன்று வரவேயில்லை. அவர் பெயர் சாட்சியாகவே அழைக்கப்படுகிறது, குற்றவாளியாக அன்று.

தாய்மையின் புனிதம் போற்றப்படும் அதே மன்றம், அவள் உயிர்வாழலாம், வயிற்றிலுள்ள கரு அழிக்கப்பட வேண்டும் எனத் தீர்ப்பளிக்கிறது. எக்குற்றத்திற்காக அவளைக் கூண்டிலேற்றியதோ, அக்குற்றத்தையே மன்றம் ஆணையாக இடுகிறது. சமூக மதிப்பு காக்க முனைவது உயிரையா, தன் ஒழுங்கையா என்னும் வினா இங்கு எழுகின்றது.

பேணாரே தன் குழந்தைக்குத் தந்தை வேண்டிப் போங்ஷேயிடமும் ரோக்டேயிடமும் மணம் இரந்து நின்றாள். எனவே அவளும் மரபுக்குள் அடங்கியவளே என வாதிடலாம். இவ்வாதம் பொருந்துவதாகத் தோன்றவில்லை. தன்விடுதலை என்பது மதிப்புகளனைத்தையும் துறத்தலன்று. எதனை மதிப்பது என்பதைத் தானே தேர்தலாம். அவள் தாய்மையைத் தேர்ந்தாள். அதற்குச் சமூகம் கேட்ட விலை ஒரு கணவன் பெயர். அதனையும் தர முன்வந்தாள், பெறுவார்தாம் இலர்.

அவளைக் கூண்டுக்கு இழுத்து வருபவள் திருமதி காசிகர் என்பது கருதத்தக்கது. கணவனால் சொல்லுக்குச் சொல் அடக்கப்படுபவள், தான் பெற்ற ஒரே மதிப்பாகிய மணத்தை ஆயுதமாக்குகிறாள்.

தன் தரப்பைக் கூற பேணாரேக்குத் தரப்படுவது பத்து நொடிகள். அவளது நீண்ட தனிமொழியின்போது ஏனையோர் உறைந்து நிற்கின்றனர். இதனை விடுதலைக் குரலாகக் கொள்வாரும் உளர். மேடையில் ஒருவரும் கேளாத பேச்சு விடுதலையாகுமா? இப்சனின் நோராவுக்கு (1879) வெளியேறக் கதவு திறந்தது. பேணாரே தாழை நீக்கியும் கதவு திறவாது, அது வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கிறது. அவள் பேச்சைக் கேட்டவர் பார்வையாளர் மட்டுமே. வழக்கு அவர்களிடம் வந்து சேர்கிறது.

ஒத்திகை முடிந்ததுபோல் மற்றவர்கள் இயல்பாகிவிடுகின்றனர். உள்ளூர்க்காரனான சாமந்த் மட்டும், வீட்டுக் குழந்தைக்காக வாங்கிய பச்சைத் துணிக்கிளியை, அசைவற்றிருக்கும் அவளருகே வைத்துவிட்டு நகர்கிறான்.