மடிப்பு மாற்றுதல்

அம்மாவின் கல்யாணப் பட்டு திருபுவனத்தில் நெய்தது. இத்தனை வருடத்தில் அம்மா அதைக் கட்டியது மொத்தம் ஏழெட்டு முறை இருக்கும். ஆனால் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை பீரோவிலிருந்து எடுத்து, முழுசாகப் பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பு விழாதபடி வேறு வாட்டத்தில் மடித்து வைப்பார். "ஒரே மடிப்புல கெடந்தா இத்துப் போயிரும்" என்பார். சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருக்கும். கட்டாத புடவைக்கு எதுக்கு இவ்வளவு பாடு?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது புடவையிலிருந்து அல்ல, பாராசூட்டிலிருந்து.

எங்கள் தெருவில் எல்லோருக்குமே அவர் பெரியப்பாதான். வேலை பார்த்ததெல்லாம் வடக்கே. விமானிகளின் அவசரகாலப் பாராசூட்டுகளைச் சோதித்து மடிக்கிற வேலை. ஓய்வு பெற்றுத் தஞ்சாவூருக்கே திரும்பி வந்துவிட்டார். 2020 ஜனவரி 20-ஆம் தேதி இங்குள்ள விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 விமானங்களைக் கொண்ட 222-ஆவது படைப்பிரிவு வந்து சேர்ந்தது. அதிலிருந்து ஊருக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. சத்தம் கேட்டால் பையன்கள் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். பெரியப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

"எல்லாரும் ப்ளேன பாக்குறாங்க தம்பி. அதுல ரெண்டு பேரு ஒக்காந்திருப்பான். ஒவ்வொருத்தன் தலைக்குப் பின்னாடியும் ஒரு பாராசூட் மடிச்சு வெச்சிருக்கும். எனக்கு அந்த நெனப்புத்தான் வரும். யாரு மடிச்சானோ, எந்த மனசோட மடிச்சானோ."

எந்த மனசோட? அந்தக் கேள்வி என்னிடம் ஒட்டிக்கொண்டது.

2019 பிப்ரவரி 27-ஆம் தேதி அபிநந்தன் வர்த்தமான் மிக்-21 விமானத்திலிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் குதித்தார். நமக்கெல்லாம் அவருடைய மீசை ஞாபகம் இருக்கிறது, கையில் டீக்கோப்பையோடு அவர் பேசிய வீடியோ ஞாபகம் இருக்கிறது. விமானத்துக்கும் தரைக்கும் நடுவே அவரைத் தாங்கிய அந்தத் துணியைப் பற்றி நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அதை யாரோ ஒருவர், ஏதோ ஒரு சாதாரண நாளில், மேசையில் போட்டு மடித்திருக்கிறார்.

ஆரம்பகாலப் பாராசூட்டுகள் பட்டுத்துணிதான். விமானத்திலிருந்து குதித்துப் பாராசூட்டால் உயிர் பிழைத்தவர்களுக்காக 1922-இல் தொடங்கிய சங்கத்துக்குப் பெயரே 'கேட்டர்பில்லர் கிளப்'. பட்டுப்புழுவுக்குச் செலுத்தும் நன்றி. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பான் பட்டு வராமல் போக, நைலான் அந்த இடத்தைப் பிடித்தது. துணி மாறியதே தவிர அம்மா செய்கிற வேலை மாறவில்லை. அமெரிக்க விமான விதி இதை நாள் கணக்கில் சொல்கிறது. நைலான் போன்ற செயற்கை இழையென்றால் கடந்த 180 நாளுக்குள், பட்டு போன்ற இயற்கை இழையென்றால் 60 நாளுக்குள், தகுதி பெற்ற ஒருவர் அதை மடித்திருக்க வேண்டும். நாள் தாண்டிவிட்டால், அவசரத்துக்கென்று அதை விமானத்தில் எடுத்துப் போகவே கூடாது.

மடிப்பது என்றால் சுருட்டித் திணிப்பது இல்லை. முதலில் பிரித்துத் தொங்கவிட்டுக் காற்றாட விட வேண்டும். பிறகு நீள மேசையில் போட்டுத் துணியைப் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். நைலானுக்கு வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, எண்ணெய்க் கறை ஆகாது, பேட்டரி ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது. எலி கடித்திருக்கலாம், தையல் விட்டிருக்கலாம். கயிறுகளை ஒன்றோடொன்று சிக்காமல் வரிசையாகச் சுற்றி ரப்பர் வளையங்களில் மாட்ட வேண்டும். துணி நழுவாமலிருக்க மேலே ஈயக் குண்டுப் பைகளை வைத்துக்கொண்டு மடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டிப் பாராசூட். விமானி கைப்பிடியை இழுத்தால் ஊசி விலகி, குட்டி வெளியே தாவிப் பெரியதை இழுக்கும், கயிறு சுற்றுச் சுற்றாக விடுபடும், கடைசியில் குடை விரியும். மடித்து முடித்ததும் கருவிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், திரும்பவும் முழுசாகப் பிரிக்க வேண்டியதுதான். எல்லாம் சரியென்றால் ஊசியில் சிவப்பு நூல் கட்டி ஈய முத்திரை, அட்டையில் தேதி, கையெழுத்து.

பிறகு என்ன நடக்கும்? அநேகமாக ஒன்றும் நடக்காது. ஆறு மாதம் கழித்து அதே பாராசூட் அதே மேசைக்கு வரும். மடித்தவரே பிரித்துப் போட்டுத் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"நான் மடிச்சதுல முக்காவாசிக்கு மேல நானேதான் பிரிச்சேன்" என்று சிரித்தார் பெரியப்பா. "யாருக்கும் தேவப்படல. அதுதான சந்தோஷம்."

டெல்டாக்காரனான எனக்கு இங்கேதான் முதலில் இடறியது. நம் ஊரில் வேலைக்குச் சாட்சி உண்டு. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறப்பார்கள் என்பது ஊரின் பழைய கணக்கு. அதற்குள் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். ஒழுங்காகத் தூர்வாரினார்களா, பில் மட்டும் போட்டார்களா என்று கடைமடை சொல்லிவிடும். தண்ணீர் போய்ச் சேர்ந்தால் வேலை நடந்திருக்கிறது, சேரவில்லையென்றால் நடக்கவில்லை. வருடா வருடம் பரீட்சை, வருடா வருடம் ரிசல்ட்.

அவசரத்துக்கென்று வைத்திருக்கும் பொருளுக்கு அந்த வசதி இல்லை. ஒருவர் நான்கு மணி நேரம் குனிந்து நின்று ஒழுங்காக மடிக்கிறார். பக்கத்து மேசைக்காரர் பாதியைப் பார்த்துவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போடுகிறார். இரண்டு பையும் வெளியே பார்க்க ஒன்றுதான். இரண்டுக்கும் கிடைக்கிற ரிசல்ட்டும் ஒன்றுதான்: ஒன்றும் நடக்கவில்லை. நேர்மையையும் ஏமாற்றையும் அந்த வார்த்தை ஒரே தராசில் வைத்துச் சமமாக நிறுத்துவிடுகிறது. அப்படியானால் ஒழுங்காக மடிப்பதற்கு என்னதான் காரணம்?

இதைப் பெரிய தத்துவக் கேள்வியாக நான் கேட்கவில்லை. எனக்கே ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. சென்னையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் பதினான்கு தீயணைப்பு சிலிண்டர்கள் உண்டு. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் முள் பச்சையில் நிற்கிறதா, பின் இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். யாரோ என் தலையில் கட்டிய எக்ஸ்ட்ரா வேலை. முதல் இரண்டு மாதம் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். அப்புறம் நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டேன். அதற்கும் அப்புறம் அட்டைகளைக் கழற்றி என் மேசைக்கே கொண்டுவந்து பதினான்கிலும் ஒரே மூச்சில் போட்டேன். பதினெட்டு மாதம், 252 கையெழுத்து. ஒருநாள் எதேச்சையாக மூன்றாவது மாடி சிலிண்டரைப் பார்த்தால் முள் சிவப்பில் கிடந்தது. எத்தனை மாதமாக அப்படி என்று எனக்குத் தெரியாது. அதன் அட்டையைக் கேட்டால், போன மாதம் வரை பச்சை என்று என் கையெழுத்து சொல்கிறது.

ஒன்றும் நடக்கவில்லை. ஆளை அனுப்பி ரீஃபில் செய்தாகிவிட்டது.

ஆனால் நான் தஞ்சாவூர்க்காரன். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். இந்த ஜில்லாவில் அந்தத் தேதி தெரியாதவர்கள் குறைவு. அதை நினைத்தால் எனக்கு இப்போது வேறொரு தேதிதான் முன்னால் வந்து நிற்கிறது: ஜூலை 15. அன்று சாயங்காலம் குழந்தைகள் வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு வரைக்கும் அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லைதான். கூரை அதே கீற்று, அடுப்பு அதே அடுப்பு. தப்பு 16-ஆம் தேதி காலையில் பிறக்கவில்லை. அன்றைக்கு அது தெரிய வந்தது, அவ்வளவுதான்.

1877-இல் வில்லியம் கிளிஃபோர்ட் என்கிற ஆங்கிலேயர் ஒரு கட்டுரையில் கப்பல் முதலாளி ஒருவரின் கதையைச் சொல்கிறார். பழைய கப்பல், நிறையப் பயணிகள், பிழைக்க வேற்றுநாடு போகிற குடும்பங்கள். கப்பல் தாங்குமா என்று முதலாளிக்கே சந்தேகம். சோதிக்கச் செலவாகும். எத்தனையோ தடவை போய் வந்த கப்பல்தானே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு அனுப்பி வைக்கிறார். கப்பல் மூழ்குகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போன தாத்தாக்களைக் கொண்ட நமக்கு அந்தப் பயணிகளின் முகத்தைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. கிளிஃபோர்ட் அடுத்துக் கேட்பதுதான் முக்கியம்: கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால் முதலாளி நல்லவர் ஆகிவிடுவாரா? இல்லை என்கிறார். குற்றம் துளிகூடக் குறையாது. கண்டுபிடிக்கப்பட்டிருக்க மாட்டார், அதுதான் வித்தியாசம்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு இருக்கும் பங்கைப் பற்றி எழுதினார்கள். ஒரே தப்பை இரண்டு பேர் செய்கிறார்கள், ஒருவரால் உயிர் போகிறது, இன்னொருவரால் போகவில்லை. நாம் இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை, நடத்தவும் முடியவில்லை. உண்மைதான். என்னை யாரும் ஜெயிலில் போடப் போவதில்லை, போடவும் கூடாது. ஆனால் அது மற்றவர்கள் என்னை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கான பதில். நான் என்ன செய்தேன் என்பதற்கான பதில் இல்லை.

அப்போ மனசாட்சிதான் வழியா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். அமெரிக்க ராணுவத்தில் பாராசூட் மடிப்பவர்கள், தாங்கள் மடித்ததில் எதைக் கொடுத்தாலும் அதை மாட்டிக்கொண்டு தாங்களே குதிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அங்கே பயம் காவல் காக்கிறது. விமானியின் அவசரப் பாராசூட்டை மடிப்பவருக்கு அப்படி எதுவும் இல்லையே?

அவர் மனசாட்சியைப் பற்றி அவ்வளவு உயர்வாகப் பேசவில்லை. "மனசாட்சிக்கும் மத்தியானம் சாப்ட்டா தூக்கம் வரும் தம்பி. அதுக்குத்தான் அட்டை, எண்ணிக்கை, கூட ஒரு ஆளு செக் பண்றது எல்லாம். நல்லவனுக்கும் அதெல்லாம் வேணும். நான் நல்லவன், எனக்கு எதுக்குன்னு நெனச்சா அன்னிக்கே போச்சு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு இதைச் சொன்னார். ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு முன் தானே மடித்த ஒன்றைப் பிரிக்கிறார். கயிறு மாட்ட வேண்டிய ரப்பர் வளையம் ஒன்று காலியாக இருக்கிறது. அந்தச் சுற்றை மாட்டாமல் அடுத்ததுக்குப் போயிருக்கிறார். கூடச் சோதித்தவர் கண்ணிலும் படவில்லை. அட்டையில் அவர் கையெழுத்து. பக்கத்தில் யாரும் இல்லை. அடுத்த நொடி கயிற்றை உருவிப் போட்டிருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"தொறந்திருக்குமா பெரியப்பா?"

"தொறந்திருக்கும்." கையால் துண்டை ஒருமுறை நீவிவிட்டார். "அநேகமா தொறந்திருக்கும்."

அந்த 'அநேகமா'வை அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வாரம் அவர் மடித்த அத்தனையையும் வரவழைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ராத்திரி வரை வேலை. வேறு எதிலும் தப்பு இல்லை. "மத்தவங்க ஒரு மாசம் என்னோட டீ குடிக்க வரல" என்றார். அதைச் சொல்லும்போது பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

எந்த மனசோட மடிச்சானோ என்கிற கேள்வியை அதுவரை நான் மடிக்கிற நேரத்தோடு மட்டும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடிக்கும்போது கை தவறும், யாருக்கும் தவறும். ஆறு மாதம் கழித்துப் பிரிக்கும்போது, ஒன்றும் நடக்காத ஒரு நாளில், தன்னுடைய பழைய கையை ஒருவர் நேருக்கு நேர் பார்க்கிறார். அப்போது அவர் செய்வதுதான் அந்த மனசு. ஒன்றும் நடக்கவில்லை என்பதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளாமல், இன்னும் நேரமிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரிக்கச் சொல்லும் விதி துணிக்காக மட்டும் எழுதப்பட்டதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பதினான்கு சிலிண்டரையும் குனிந்து பார்த்தேன். இன்னொன்றில் பின் இல்லை. பிறகு உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினேன்: அட்டைகளில் இருக்கும் என் கையெழுத்துகளில் முதல் இரண்டு மாதம் தவிர மற்றதை நம்ப வேண்டாம், நான் பார்க்காமல் போட்டவை, எல்லா சிலிண்டரையும் வெளியாள் வைத்துச் சோதிக்க வேண்டும். அனுப்புவதற்கு இரண்டு நாள் ஆனது. மேலாளர் கூப்பிட்டார். கோபப்படுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, அக்கறையாகத்தான் கேட்டார்:

"இதெல்லாம் இப்ப எதுக்கு எழுதுறீங்க? ஒண்ணும் ஆகலையே?"