கண்ணுக்கு மறைந்தால் கடமை தீருமா?

நோய் தீர நாம் விழுங்கும் மருந்து உடலோடு முடிந்துவிடுவதில்லை. நுண்ணுயிர்கொல்லி மருந்துகளிற் பல, பெரும்பகுதி மாறாமலே சிறுநீரோடு வெளியேறுகின்றன. அதன்பின் அவற்றுக்கு யார் பொறுப்பு?

நகரங்களில் இப்பொறுப்பு கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகளிடம் விடப்பட்டிருக்கின்றது. 1914ஆம் ஆண்டில் மான்செஸ்ரர் நகரில் ஆடேன், லொக்கெற் என்னும் இருவர் வெளிப்படுத்திய முறையே இன்றும் உலகின் பல பாகங்களிற் கைக்கொள்ளப்படுகின்றது. கழிவுநீர்த் தொட்டியினுள் காற்றுச் செலுத்தப்படும். அங்குள்ள சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் அழுக்கை உண்டு பெருகும். மருந்துகள் சிலவற்றையும் அவை சிதைக்கின்றன. பெனிசிலினின் ஆற்றல் அதன் மூலக்கூற்றிலுள்ள சிறு வளையத்தில் தங்கியுள்ளது. பற்றீரியாவின் நொதியம் அவ்வளையத்தை உடைத்ததும் மருந்து செயலிழந்து போகின்றது.

இது நமக்குப் பெரும் உதவி. ஆயினும், நோயாளியின் உடலிலே பெனிசிலினைத் தோற்கடிப்பதும் இத்தகைய நொதியமே அன்றோ! அதை ஆக்கும் மரபணுவை ஒரு பற்றீரியா இன்னொன்றுக்குக் கையளிக்கவும் வல்லது. மேலும், எல்லா மருந்தும் சிதைவதில்லை. சிப்புரோபுளொக்சசின் பெரும்பாலும் சேற்றில் ஒட்டிக்கொள்கின்றது. நீர் தெளிகின்றது, மருந்தோ சேற்றில் இருக்கின்றது. அச்சேறு பல நாடுகளில் வயலுக்கு உரமாகின்றது.

ஐதராபாத் நகருக்கு அருகே பதான்சேருவில், ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரை ஏற்ற நிலையமொன்று இருந்தது. அங்கு சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்புரோபுளொக்சசின் இருந்ததாக 2007இல் ஆய்வாளர் அறிவித்தனர். அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவிலும் இது அதிகம்! நிலையத்துக்கு அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று எவரும் சொல்ல முடியுமா?

மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019இல் மாத்திரம் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

"என் வீட்டுக் குளிசை ஒன்றினால் என்ன வந்துவிடும்?" என்று கேட்கலாம். தேவைக்காக மருந்து உண்ட நோயாளியிற் குற்றமில்லை. தேவை முடியும் இடத்திலேயே குற்றம் தொடங்குகின்றது. தடிமனுக்கும் இம்மருந்தை வற்புறுத்தி வாங்குவதும், மீந்த குளிசைகளை மலசலகூடத்திற் கொட்டுவதும், கழிவைக் குறைக்க வழியிருந்தும் இலாபம் கருதித் தொழிற்சாலை அதை ஆற்றில் விடுவதும் அளவில் வேறுபடலாம், தன்மையில் ஒன்றே. நமது சுமையை முகமறியாத அயலவன்மேல் இறக்கிவைக்கிறோம். நுண்ணங்கிகள் தம்மால் இயன்றதைச் செய்கின்றன. எஞ்சியது நம்முடையது.