சூடிய மாலையும் கேம்பிரிட்ஜ் மாற்றமும்

தன்னுள் எதுவும் நிகழாமலே ஒரு பொருள் மாறிவிட்டதாகக் கொள்ளப்படுவதை ஆங்கில மெய்யியலார் 'கேம்பிரிட்ஜ் மாற்றம்' என்பர். பீட்டர் கீச் 1969இல் வெளியிட்ட 'கடவுளும் ஆன்மாவும்' நூலில் இத்தொடரைக் கையாண்டார். ஒன்றைப் பற்றி நேற்று மெய்யாயிருந்த கூற்று இன்று பொய்யானால் அது மாறிவிட்டது என்ற இலக்கணம் கேம்பிரிட்ஜின் ரஸல், மெக்டாகர்ட் காலத்தது. பெயரில் சிறிது கிண்டலும் உண்டு. தியாடீட்டஸ் என்னும் இளைஞன் உயர வளர்ந்தால் சாக்ரடீஸ் அவனைவிடக் குள்ளமாகிறார். சிறையில் சாக்ரடீஸ் இறந்த நொடியில், அங்கில்லாத அவர் மனைவி கைம்பெண்ணாகிறாள். இவை மெய்யான மாற்றங்கள் அல்ல, உறவுக் கணக்கு மட்டுமே என்பது கீச்சின் பக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணமே இப்படியொரு மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது. வடபத்ரசாயிக்குப் பெரியாழ்வார் கட்டிவைத்த மாலையை அவர் மகள் கோதை, அதாவது ஆண்டாள், சூடி, கிணற்று நீரில் அழகு பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அதை அறிந்த ஆழ்வார் ஆகாதென்று ஒதுக்கினார்; பெருமாளோ அவள் சூடியதே வேண்டும் என்றார் என்கிறது குருபரம்பரை. பூவும் நாரும் அவையேதான். கூந்தல் மணம் ஏறியதே என்று வாதிடுவோரும் உண்டு; ஆனால் பெருமாள் கேட்டது மணத்தை அல்ல, அவள் சூடியதை.

வைணவத்தின் மெய்யியலான விசிஷ்டாத்வைதம் மாற்றத்தை மூன்று நிலைகளில் வைக்கிறது. பிள்ளை லோகாசாரியரின் தத்துவத்திரயத்தில் அசித்து என்னும் சடப்பொருள் விகாரத்துக்கு இடமானது. ஆன்மாவின் சொரூபம் மாறாது. அதன் ஞானம் மட்டும் சுருங்கும், விரியும். ஈசுவரனுக்கு இரண்டும் இல்லை. அசித்தின் மாற்றத்தை ஆண்டாளின் இடக்கைக் கிளியிலேயே பார்க்கலாம். மாதுளம்பூ அலகு, மூங்கில் குச்சிக் கால், நந்தியாவட்டை, பச்சை இலைகள் என்று நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். மறுநாளைக்கு அது வாடிவிடும்.

இதுவரை கீச்சுக்குத் தடையில்லை. கருத்து முரண்படுவது உறவைப் பற்றித்தான். இறைவனுக்கு உரியதாயிருத்தல், அதாவது சேஷத்துவம், ஆன்மாவின் மேல் ஒட்டப்பட்ட சீட்டு அன்று. அதுவே அதன் சொரூபம் என்கிறது வைணவம். உறவே ஒன்றின் இயல்பு என்றால், உறவு மாறியதைப் பெயரளவு மாற்றம் என்று தள்ள வழியில்லை. உலகியலிலும் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ராஜபாளையத்தில், சென்னை மாகாணத்தின் முதல்வராயிருந்த பூ.ச.குமாரசுவாமி ராஜா தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததால் மட்டும் ஒரு செங்கலும் இடம்பெயர்வதில்லை. ஆனாலும் அது பழைய வீடு என்று யாரும் சொல்வதில்லை.

இறைவன் விஷயத்தில் மட்டும் கீச்சின் கருத்து கைகொடுக்கிறது. சூடிய மாலையை விரும்பியதால் பெருமாள் மாறினாரா? இல்லை. அடியாரிடம் கொண்ட வாத்சல்யம் அவரது நித்திய குணம். புதிதாக வந்தது அது வெளிப்படும் வாய்ப்பு. மாலைக்கும் கோதைக்கும் நேர்ந்ததைக் கேம்பிரிட்ஜ் மாற்றம் என்று சுருக்கினால்தான் பிழை.

இன்றும் புரட்டாசிப் பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்குத் திருமலைக்கும், சித்திரையில் வைகையில் இறங்கும் அழகருக்கும் ஆண்டாள் சூடிய மாலையே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகிறது. அதே பூவில் கட்டிய வேறு மாலை அதற்கு ஈடாகாது.