இடது பக்கம், கீழ் மூலை

என் மாமனாருக்கு ஊர் ஆரணி. பட்டு வியாபாரம். உடனே ஏ.சி. ஷோரூம், வாசலில் புடவை கட்டிய பொம்மை என்றெல்லாம் கற்பனை செய்துவிடாதீர்கள். நூல் வாங்கி, சாயம் போட்டு, பத்துப் பன்னிரண்டு தறிக்காரர்களுக்குப் பாவு கொடுத்து, அவர்கள் நெய்து தருகிற புடவைகளைக் கடைகளுக்கு அனுப்புகிறவர். 63-வது வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொண்ட விதம் அலாதி. காலிகோ பைண்டு போட்ட ஒரு கணக்கு நோட்டு. முதல் பக்கத்தில் முதல் வரி, அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில்: 'இடது பக்கம், கீழ் மூலை. வட்டத்துக்குள் நாலு கலர். ஒரு தட்டு.' அங்கே ஆரம்பித்து தறிக்காரர் பற்று வரவு பார்ப்பது, பில் போடுவது, பிரிண்ட் எடுப்பது என்று மொத்தம் 41 படிகள். கம்ப்யூட்டரை அணைப்பதற்கும் முதல் படி அதே இடது பக்கம், கீழ் மூலைதான். "நிறுத்தறதுக்கு எதுக்கு மாப்ள ஸ்டார்ட்டை அமுக்கணும்?" என்று ஒருமுறை கேட்டார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இரண்டு வருஷத்தில் நோட்டு தேவைப்படவில்லை. கை தானாகப் போனது.

2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 8-இன் முன்னோட்டப் பதிப்பைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. முழுப் பதிப்பு வர இன்னும் எட்டு மாதம் இருந்தது. வரப்போகிற சினிமாவை ப்ரிவ்யூவில் பார்க்கும் சந்தோஷம் எனக்கு. முதல் பார்வையில் மயங்கித்தான் போனேன். திரை முழுக்கக் கலர் கலராகச் சதுரங்கள், ஒவ்வொன்றும் உயிரோடு. ஒன்றில் வானிலை மாறுகிறது, ஒன்றில் புதிதாக வந்த கடிதம் எட்டிப் பார்க்கிறது. விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஐபேட் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரும் இனி தொட்டு விளையாடுகிற சாமான்தான் என்று அந்தத் திரை சொன்னது. 1995 முதல் இடது கீழ் மூலையில் குடியிருந்த ஸ்டார்ட் பொத்தானைக் காணோம். மவுஸை மூலைக்குக் கொண்டுபோய் அசையாமல் வைத்தால் குட்டியாக ஒரு படம் தலைகாட்டும். அணைக்க வேண்டுமானால் வலது பக்க மூலைக்குப் போய், ஒளிந்திருக்கும் பட்டையை வெளியே இழுத்து, அதற்குள் அமைப்புகள், அதற்குள் பவர்.

பரவாயில்லை, பழகிவிடும் என்று நினைத்தேன். இதைப் பற்றி எழுத ஆசை. ஒரு சாமானியன் பார்த்துவிட்டு என்ன சொல்கிறான் என்று தெரிந்தால் கட்டுரை களைகட்டுமே! மாமனாரைவிட நல்ல சாமானியன் எங்கே கிடைப்பார்? அடுத்த வாரம் ஆரணி போனபோது, அவர் கம்ப்யூட்டரில் அதை ஏற்றிவிட்டேன். சோதனைப் பதிப்பை வேலைக்கு வைத்திருக்கும் மெஷினில் போடக்கூடாது என்பது தெரிந்தே செய்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கை நேராக மூலைக்குப் போனது. ஏதோ தலைகாட்டியது, மறைந்தது. மறுபடி போனது. "மாப்ள, பொத்தானைக் காணோமே?"

நான் பெரிய சொற்பொழிவே ஆற்றினேன். காலம் மாறுகிறது, தொடுதிரை, இத்யாதி. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான் சென்னை திரும்பிய நாலாம் நாள் மனைவி சொன்னாள்: "அப்பா திரும்பப் பேரேட்டுல எழுத ஆரம்பிச்சுட்டார்."

ஒரு மாதம் கழித்து பழைய விண்டோஸ் குறுந்தகடோடு போய், எல்லாவற்றையும் முன்போலவே போட்டுக் கொடுத்தேன். வட்டம், நாலு கலர், இடது கீழ் மூலை. பார்த்தார். "இருக்கட்டும் மாப்ள. மறுபடி மாத்திட்டாங்கன்னா?" என்றார். கோபமே இல்லை. அதுதான் குத்தியது.

நான் பி.காம். எதையும் ஐந்தொகையில் எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசிக்கிற புத்தி. கம்ப்யூட்டர் வாங்கினால் அது சொத்து. வருஷா வருஷம் தேய்மானம் கழிப்போம். ஆனால் அதைப் பழகிய கை? அது தேய்வதில்லை, வருஷா வருஷம் மதிப்பு கூடுகிறது. எந்தப் பேரேட்டிலும் அதற்குக் கணக்கு கிடையாது. கணக்கில் இல்லாத சொத்தை யார் வேண்டுமானாலும் தள்ளுபடி செய்யலாம், நஷ்டம் எங்கேயும் தெரியாது. விண்டோஸ் 7 மட்டும் 60 கோடி உரிமங்களுக்கு மேல் விற்றிருப்பதாக 2012 நடுவில் அந்த நிறுவனமே சொன்னது. அவர்களில் பத்தில் ஒருவர் மாறி, புதிதாய்ப் பழக ஆளுக்கு ஒரு மணி நேரம் செலவழித்தார் என்று வையுங்கள். 6 கோடி மணி நேரம். வருஷத்துக்கு 2,000 மணி உழைப்பவரின் கணக்கில் 30,000 ஆள்-வருஷம். செலவு எழுதியது யார்?

செய்தவனுக்கு மாற்ற உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வாடகை வீட்டில் சுவிட்ச் போர்டு வீட்டுக்காரருடையதுதான். நாம் வெளியூர் போயிருக்கும்போது அவர் அதை எதிர்ச் சுவருக்கு மாற்றினால் சட்டப்படி எத்தனை தப்போ தெரியாது. ஆனால் ராத்திரி கரண்ட் போய் வந்தால் இருட்டில் சுவரைத் தடவிப் போகிற கை நம்முடையது. அந்தக் கையை அவர் செய்யவில்லை.

மைக்ரோசாஃப்டிடம் புள்ளிவிவரம் இருந்தது. மக்கள் ஸ்டார்ட் மெனுவை முன்பைவிடக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள், வேண்டியதைக் கீழ்ப்பட்டையிலேயே குத்தி வைத்துக்கொள்கிறார்கள் என்று 2011-லேயே விளக்கம் சொன்னார்கள். எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். எத்தனை தடவை தட்டினார்கள் என்று எண்ணலாம். அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எப்படி எண்ணுவது?

இதையெல்லாம் அன்று சாயங்காலம் மாமாவிடமே கொட்டினேன். பக்கத்து வீட்டுத் தறி அருகே நின்றிருந்தோம். அவரும் சேர்ந்து திட்டுவார் என்று பார்த்தால், சிரித்தார்.

"மாத்தக் கூடாதுன்னு நான் சொன்னேனா? சின்ன வயசுல எங்க வீட்டுத் தறியில, டிசைனுக்குப் பாவு நூலைத் தூக்கிக் குடுக்கப் பக்கத்துல ஒரு பையன் உட்காரணும். அந்தப் பையன் நான்தான். ஜக்கார்டு வந்துச்சு. பையன் வேலை போச்சு. நான் பள்ளிக்கூடம் போனேன்."

எனக்குப் பேச்சு அடைத்துவிட்டது. ஜக்கார்டு என்பது 1804-இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கிய பொறி. துளையிட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். ஒரு அட்டைக்கு ஒரு ஊடை. துளை இருக்கும் இடத்தில் நூல் மேலே எழும், இல்லாத இடத்தில் எழாது. அதே அட்டை யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். பிற்பாடு கம்ப்யூட்டர்களும் வெகுகாலம் அட்டைகளை விழுங்கியே வாழ்ந்தன. ஒரு வகையில் மாமாவின் மேஜையில் இருந்ததற்குத் தாத்தா, அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தார்.

"தலைக்கு மேலதான் மாப்ள வந்துச்சு. காலுக்கு ஒரு மிதி கூடுச்சு, அவ்வளவுதான். நாடா வீசற கை அதே கை. அடிக்கிற பலகை அதே பலகை." குழிக்குள் உட்கார்ந்திருந்தவரைக் காட்டினார். அவர் ஒரு தடவைகூடக் குனிந்து கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. "அவர் காலுக்கடியில இருக்கிற மிதியை ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டு, காலையில வந்து புதுசு, அழகா இருக்குன்னு சொன்னா?"

இந்தப் பதிலும் முழுசாகத் திருப்தி இல்லை எனக்கு. தறியைப் பொறுத்தவரை சரி. காலுக்கடியில் கை வைக்காமல் தீராத மாற்றங்களும் உலகத்தில் உண்டு. ஆனால் அப்படிக் கை வைக்கிறவர், முதலில் அந்தக் குழிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். நான் உட்காரவில்லை. கட்டுரைக்கு ஆள் தேடிக்கொண்டு போனேன்.

பொத்தான் 2013 அக்டோபரில் விண்டோஸ் 8.1-இல் திரும்பி வந்தது, தட்டினால் அதே சதுரங்கள்தான். மெனு முழுசாக வந்தது 2015 ஜூலையில், விண்டோஸ் 10-இல். 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் அது நடுவில் போய் நின்றுகொண்டது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. மாமாவின் கணக்கை இப்போது மைத்துனன் பார்க்கிறான். பழைய மெஷினுக்குப் புதியதை ஏற்கும் தகுதி இல்லையாம். புது மெஷின் வாங்கினான். தயார் செய்து தர நான் போனேன். முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போய் ஸ்டார்ட் பொத்தானை இடது பக்கம் தள்ளினேன். மைத்துனன், "நடுவுலயே இருக்கட்டுமே மாமா, நல்லாத்தானே இருக்கு?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

மாமாவுக்கு 79 வயது. காபியோடு வந்து என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"மாமா, அந்த நோட்டு இருக்கா?"

"எது? அதுவா? மீதிப் பக்கத்துல எல்லாம் பாவுக் கணக்கு எழுதிட்டேனே" என்றார். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.