உரை அளவையும் உயர்கல்வித் தகவலும்

அறிவு பெறும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுப்பது சைவ சித்தாந்த மரபு. முதலிரண்டும் அறிபவனது சொந்த முயற்சியால் அமைவன. உரையோ பிறர் சொல்லை நம்பிப் பெறுவது. எண்ணுமுறையில் இறுதியாக வரினும், வாழ்வின் பெருந்தீர்மானங்கள் பல இதன்மீதே நிற்கின்றன. எப்பாடநெறியைப் பயில்வது, எத்தொழிலை நாடுவது என்பன அத்தகையன. பயின்று முடித்தபின் தெரிவுசெய்தல் எவருக்கும் இயலாது.

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தை நோக்குவோம். கற்பிட்டி, முந்தல், உடப்பு முதலிய ஊர்களில் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர் பலரது இல்லங்களில், பல்கலைக்கழகம் சென்ற மூத்தவர் எவருமிலர். அவர்களுக்குத் தகவல் தருவோர் தனியார் வகுப்பு ஆசிரியரும் உறவினரும், கொழும்பிலோ வளைகுடா நாட்டிலோ தொழில்புரியும் ஊரவருமே. இவர்கள் வஞ்சகர் அல்லர், பெரும்பாலும் அன்புடையோர். சிக்கல் பிறப்பதும் இங்கேதான். அன்புடையார் சொல்லை ஐயுறுவது அவரையே ஐயுறுவதாகக் கொள்ளப்படுகின்றது.

இம்முடிச்சை அவிழ்க்கும் கருவியொன்று இக்கரையோர முஸ்லிம் மக்களின் அறிவு மரபிலேயே உண்டு. ஹதீஸ் கலை வல்லோர் ஒரு செய்தியை ஏற்குமுன் அதனை அறிவித்தோர் தொடரை ஆராய்ந்தனர். அறிவிப்பாளரிடத்து அவர்கள் வேண்டிய தகுதிகளுள் தலையாயவை இரண்டு: ஒழுக்க நேர்மை, கேட்டதைப் பிறழாது காக்கும் திறன். ஒன்று மற்றதற்குச் சான்றாகாது. இறையச்சம் மிக்கவராயினும், நினைவு தளர்ந்தவர் அறிவிப்புப் பலவீனமானதே. அவ்வாறு கூறுவது அவரது பக்திக்கு இழுக்கெனக் கருதப்படவில்லை. மத்ரஸாவில் இதனைக் கற்பிக்கும் ஊர்கள், வெட்டுப்புள்ளி பற்றிய செய்தியை மட்டும் இச்சோதனையின்றி ஏற்றுக்கொள்வது வியப்பே.

வெட்டுப்புள்ளியையே எடுத்துக்கொள்வோம். அது சித்திப்புள்ளி அன்று. குறித்த ஓர் ஆண்டில், குறித்த மாவட்டத்திலிருந்து, குறித்த பாடநெறிக்கு இறுதியாகத் தெரிவானவரது இசட் புள்ளி. பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட மக்கட்டொகை அடிப்படையிலும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதிகளிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குரியது. புத்தளம் அவற்றுள் ஒன்று. எனவே கொழும்பு உறவினர் மூன்றாண்டுகளின் முன் தாம் கண்ட எண்ணை நினைவு பிசகாது சொன்னாலும், கற்பிட்டி மாணவிக்கு அது வழிகாட்டாது. சொன்னவர் பொய்யரும் அல்லர், மறதியாளரும் அல்லர். அவர் சொன்னது வேறோர் இடத்து உண்மை, வேறோர் ஆண்டின் உண்மை.

'அங்கீகரிக்கப்பட்ட பட்டம்' என்னும் விளம்பரத் தொடரும் இவ்வாறே. யாரால், எதன்பொருட்டு அங்கீகாரம்? வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுள்ளமையால் மட்டும் அதன் மருத்துவப் பட்டதாரி இங்கு மருத்துவராகிவிட முடியாது. இலங்கை மருத்துவச் சபையின் ஏற்பும், அது விதிக்கும் பரீட்சையும் இடையில் உள.

அப்படியாயின் அரச ஆவணமே ஐயமற்ற உரையோ? 2011 டிசம்பரில் வெளியான உயர்தரப் பெறுபேறுகளை நினைவுகூர்க. பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியோரை ஒருங்கே கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டிருந்தது. மாவட்ட நிலைகளிலும் பிழைகள் காணப்பட்டன. 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச் செய்து, இரு தொகுதியினருக்கும் தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. அதிகாரம் பிழை விடாமைக்கு உறுதி அன்று என்பது இதனாற் புலனாகும். எனினும் வேறொன்றும் புலனாகின்றது. அப்பிழைக்குப் பொறுப்பாளர் இருந்தனர், வழக்கிட முடிந்தது, திருத்தமும் வந்தது. தேநீர்க் கடையிற் கேட்ட எண் பிழைத்தால் யாரை மன்றில் நிறுத்துவது? ஆணைக்குழுவின் கைந்நூலை நாம் நம்புவது அது தவறாதது என்பதனால் அன்று; தவறினாற் சென்று கேட்பதற்கு ஓரிடம் உண்டு என்பதனாலேயே.

விடுமுறையில் ஊர் செல்லும் நம்மைத் தேடி, பாடநெறிகளை விருப்ப வரிசையில் எழுதவேண்டிய விண்ணப்பத்துடன் தம்பியரும் தங்கையரும் வருவர். பல்கலைக்கழக அனுமதி நாடி உயர்தரம் எழுதத்தக்க தடவைகள் அவர்களுக்கு மூன்றே. நம் சொல்லைக் கேட்டு அவர்கள் வரிசையை மாற்றக்கூடும். அது பிழைத்தால் நமக்கு ஒரு வருத்தம், அவர்களுக்கு ஓராண்டு.