சலுகையும் பாடமும்

'பாவம், அவனை விட்டுவிடுங்கள்' என்று கற்கத் திணறும் ஒரு பிள்ளையைக் கடைசி வரிசையில் சும்மா உட்கார வைப்பது இரக்கமா? ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் எனக்கு இதைவிடக் கடினமான கேள்வி இல்லை.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு எனத் தமிழ்நாட்டில் சலுகைகளும் உண்டு. ஆனால் மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு அப்போது வேண்டியது சலுகை அல்ல, பாடம்.

எங்கள் ஊரான தேவாரம் பக்கத்தில் அந்தத் திணறலுக்குக் காரணம் சொல்வது சுலபம். விடியுமுன் ஜீப் ஏறிக் கேரள ஏலத்தோட்டத்துக்குப் போகிற தாய் தகப்பன், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார்கள். 'வீட்டில் கவனிக்க ஆளில்லை' என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் தேடுவதில்லை. கண் சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா, எழுத்தும் ஒலியும் மனதில் ஒட்டாமல் நழுவுகின்றனவா என்று பார்க்காமலே வருடங்கள் போய்விடும். வறுமை உண்மைதான், அதன் நிழலில் வேறொரு சிரமம் மறைந்திருக்கலாம் என்பதும் உண்மை.

அப்படிச் சிரமப்படும் பிள்ளைக்காக வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார், வழிகாட்டுவார். ஆனால் அவர் பார்க்க வேண்டிய பள்ளிகள் பல. அவர் வராத நாட்களில் அந்தப் பிள்ளை யார் பொறுப்பு? வகுப்பாசிரியர் பொறுப்புதான். நாற்பது பேருக்கு நடுவே பெரிய சாகசம் எதுவும் முடியாது. பத்து வரிக்குப் பதில் இரண்டு வரி எழுதச் சொல்லலாம். எழுத வராததை வாயால் சொல்லக் கேட்கலாம். கேள்வி கேட்ட பிறகு, பக்கத்துப் பிள்ளை முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம்.

இதில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பராமரிக்கப்பட வேண்டியவர் என்று மட்டும் ஊர் எண்ணியிருக்கக்கூடிய ஒருவர், பிறரைப் பராமரிக்கும் நிறுவனத்தைக் கட்டினார். ஒருவரால் என்ன முடியும் என்பதை நம் இரக்கம் முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது.

அதனால் என் வகுப்பில் அந்தப் பிள்ளையிடமும் வீட்டுப்பாடம் கேட்பேன். அளவு வேறாக இருக்கும், கேட்காமல் விடமாட்டேன்.