கூடத்துக்கே போய் வாங்குவோம்

மதுரைக்கு வருபவர்கள் மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், ஒரு ஜிகர்தண்டா என்று முடித்துக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களான நமக்கும் ஊர் பெரும்பாலும் மாசி வீதிகளோடு முடிந்துவிடுகிறது.

அந்த வீதிகளைத் தாண்டி, திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது விளாச்சேரி. 1870இல் தமிழறிஞர் பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர். இன்று மண் பொம்மைகளுக்குப் பேர்போனது. களிமண்ணை அச்சில் அமுக்கி எடுத்து, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டுகிறார்கள். சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு, கிறிஸ்துமஸுக்குக் குடில் செட். தசாவதாரத்துக்கு வண்ணம் பூசிய அதே கைதான் தொழுவத்துக் குழந்தை இயேசுவுக்கும் பூசுகிறது.

இந்தத் தொழிலில் வேலை ஆண்டு முழுக்க. விற்பனை சில வாரங்கள்தான். மழை பிடித்தால் பொம்மை காயாது, சூளையும் மூட்ட முடியாது. மண்ணுக்கும் விறகுக்கும் வண்ணத்துக்கும் மட்டும் முன்கூட்டியே பணம் வேண்டும். கடன் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

ஆகவே, கொலுவுக்கு முதல் நாள் கடைத்தெருவில் பேரம் பேசுவதை விட்டு, இரண்டு மாதம் முன்பே பொம்மை செய்யும் கூடத்துக்குப் போங்கள். பிடித்ததைச் சொல்லி, கொஞ்சம் முன்பணம் கொடுத்து வாருங்கள். கைத்தொழிலைப் பாராட்டிப் பேச நம்மில் ஆயிரம் பேர் உண்டு. காலத்தில் காசு கொடுப்பவர்கள்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள்.